மலைச் சரிவில் கோல்ஃப்: முதலில் கோச்சா, தனிப் பயிற்சியா?

கோல்ஃப் பழக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, மட்டை என்ன விலை என்பது. அடுத்தது இது: "கொஞ்ச நாள் நானே அடித்துப் பார்த்துவிட்டு கோச்சிடம் போகிறேனே, என்ன கெட்டுப்போகும்?" கோவையிலோ சென்னையிலோ கேட்டால் இதற்கு ஒரு பதில். ஊட்டி, குன்னூர் பக்கத்து வெலிங்டன், கொடைக்கானலில் கேட்டால் வேறு பதில்.

சமவெளியில் பந்தடித்துப் பழகும் இடமான ரேஞ்சில் விரிப்பு தட்டையாக இருக்கும். ஒரு கூடை பந்து வாங்கி அடிக்கிறீர்கள். பந்து வலப்பக்கம் போனால் தப்பு உங்களுடையது, வேறு யாரையும் கைகாட்ட முடியாது. அங்கே தனியாகப் பழகுகிறவருக்குப் பந்தே ஓரளவுக்கு வாத்தியார். மலையில் அந்த வாத்தியார் பாதி நேரம் பொய் சொல்வார். பந்து வலப்பக்கம் போனது உங்கள் ஸ்விங்காலா (மட்டையை வீசும் விதம்), காலுக்குக் கீழே இருக்கும் சரிவாலா, புல்லின் ஈரத்தாலா என்று புதியவருக்குத் தெரிய வழியே இல்லை. சரிவு செய்த வேலைக்குத் தன் கையைத் திருத்துவார். அடுத்த நாள் வேறு சரிவில் நின்று, நேற்று திருத்தியதை மறுபடியும் திருத்துவார்.

அதனால் என் கணக்கு இதுதான். முழு ஸ்விங்குக்கு முதல் மூன்று பாடங்கள் கோச்சிடம். பட்டிங்கும் (குழிக்குள் பந்தை உருட்டும் அடி), கிரீன் (குழி இருக்கும் குட்டைப் புல்வெளி) ஓரத்துச் சிறு அடிகளும் முதல் நாளிலிருந்தே தனியாக. மூன்று பாடம் முடிந்தபின் மாதக்கணக்கில் தனியாகவே. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன். (ஆடும் கோலுக்கும் கிளப் என்று பெயர், ஆடும் இடத்துக்கும் கிளப் என்று பெயர். குழப்பம் வேண்டாம் என்று கோலை மட்டை என்றே எழுதுகிறேன். எல்லாமே வலக்கை ஆட்டக்காரருக்கான கணக்கு. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் மலை செய்யும் ஏமாற்று வேலை. பந்து உங்கள் பாதத்தைவிட மேட்டில் இருந்தால் மட்டையின் அடிப்பாகம் சரிவோடு சாயும். மட்டை முகத்துக்கு ஏற்கனவே லாஃப்ட் என்ற பின்சாய்வு இருக்கிறது. இரண்டும் சேரும்போது, நேராகப் பிடித்ததாக நீங்கள் நினைக்கும் முகம் உண்மையில் இடப்பக்கம் பார்க்கும். லாஃப்ட் கூடக் கூட இந்தத் திருப்பமும் கூடும். 10 டிகிரி சரிவில் 46 டிகிரி லாஃப்ட் உள்ள பிட்சிங் வெட்ஜை (கிட்டத்து அடிக்கான மட்டை) வைத்தால் முகம் ஏறக்குறைய 10 டிகிரி இடப்பக்கம் திரும்பிவிடும். 100 கெஜத்தில் அது 15 கெஜத்துக்கு மேல் விலகல். அதே சரிவில் 22 டிகிரி ஹைப்ரிட் (தூர அடிக்கான மட்டை) என்றால் திருப்பம் 4 டிகிரிதான். பந்து பாதத்தைவிடப் பள்ளத்தில் இருந்தால் எல்லாம் தலைகீழ், வலப்பக்கம் போகும். கண்ணுக்குத் தட்டை போலத் தெரியும் ஃபேர்வேயில்கூட (புல் வெட்டிய ஆடுபாதை) மூன்று நான்கு டிகிரி ஒளிந்திருக்கும். மலை ஊரில் நமக்கு எது சமதளம் என்ற கணக்கே கண்ணில் கெட்டுப்போயிருக்கும்.

அடுத்தது காற்று. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 சொச்சம், வெலிங்டன் 1,850 வாக்கில். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். நன்றாகப் பட்ட பந்து 7, 8 சதவீதம் கூடுதல் தூரம் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பேசப்படாத பாதி ஒன்று உண்டு: காற்று மெலிந்தால் சுழலும் பந்தின் வளைவும் குறையும். உங்கள் ஸ்லைஸ், அதாவது வலப்பக்கம் வளையும் அடி, ஊட்டியில் ஃபேர்வே ஓரத்திலேயே நின்றுவிடும். "பரவாயில்லை, நேராகத்தான் போகிறது" என்று நம்பிக்கொண்டு கோவைக்கு இறங்கி ஆடினால், அதே அடி பக்கத்து ஃபேர்வேயில் போய் விழும். தப்பு புதிதாக வந்ததில்லை. மேலே காற்று அதை மூடி மறைத்திருந்தது, அவ்வளவே.

மூன்றாவது ஈரம். காலைப் பனியோ தூறலோ மட்டை முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீரை வைக்கிறது. பின்சுழற்சி குறைகிறது, பந்து விழுந்தபின் நிற்காமல் ஓடுகிறது. நீங்கள் அழகாக அடித்த அடிக்கும் இது நடக்கும். தனியாகப் பழகுகிறவர் இதைப் பார்த்துவிட்டு, பந்தை உயர்த்த வேண்டும் என்று கையால் அள்ள ஆரம்பிப்பார். அங்கேதான் கெடுதல் வேர் விடுகிறது.

அள்ளுவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், புதியவர்களின் பாதித் தொல்லை இதுவே. அயர்ன் என்ற இரும்புத் தலை மட்டை கீழ்நோக்கி வந்து முதலில் பந்தையும், பிறகு, பந்துக்கு முன்னால் இருக்கும் மண்ணையும் தொட வேண்டும். புல் பெயர்ந்த தழும்பு பந்து இருந்த இடத்துக்கு இலக்குப் பக்கமாக விழவேண்டும். பந்தை மேலே எழுப்புவது லாஃப்டின் வேலை. உங்கள் வேலை இல்லை. அள்ள முயல்கிறவரின் எடை வலக்காலிலேயே தங்கிவிடும், மணிக்கட்டு முன்கூட்டியே அவிழும், மட்டையின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். மண்ணைத் தோண்டும், அல்லது மண்ணைத் தப்பி மேலேறும் மட்டை பந்தின் தலையில் தட்டும். பந்து உருண்டு போகும். பக்கத்தில் நிற்கும் நண்பர் உடனே "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார். இந்த விளையாட்டில் இதைவிட அதிகமாகச் சொல்லப்படும், இதைவிடக் குறைவாகப் பயன்படும் அறிவுரை இல்லை. பெரும்பாலும் தலை தூக்கியதால் பந்து உருளவில்லை. அள்ளியதாலும், கடைசி நொடியில் முழங்கையை மடக்கி உடம்பை நிமிர்த்தியதாலும் உருண்டது. தலையைப் பிடித்து வைத்துக்கொண்டால் கழுத்து வலிக்கும், பந்து மறுபடியும் உருளும்.

இனி கோச் எதற்கு என்பதற்கு வருவோம். உங்களால் பார்க்கவே முடியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: கிரிப் (மட்டையைப் பிடிக்கும் விதம்), குறி.

கிரிப்பைத் தப்பாகப் பிடித்தால் தப்பாகத் தோன்றாது. வசதியாகத் தோன்றும். அதுதான் ஆபத்து. கிரிக்கெட் ஆடிய கை, மண்வெட்டி பிடித்த கை, எல்லாமே கைப்பிடியை உள்ளங்கையில் குறுக்காக வைத்துக் கொள்ளும். கோல்ஃபில் இடக்கை வேறு விதமாகப் பிடிக்க வேண்டும். சுண்டுவிரல் அடியில் தொடங்கி ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை, விரல்களின் மேலாகக் கைப்பிடி சாய்வாக ஓட வேண்டும். உள்ளங்கையின் அடிமேடு, அதாவது சுண்டுவிரல் பக்கத்துத் தடித்த சதை, கைப்பிடியின் மேலே உட்கார வேண்டும். கட்டைவிரல் நடுவிலிருந்து கொஞ்சம் வலமாக. மேலிருந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் மட்டை முகம் திறக்கும், நான்கும் தெரிந்தால் மூடும். வலக்கையின் ஆயுள்ரேகை இடக் கட்டைவிரலை மூடிக்கொள்ள வேண்டும். சுண்டுவிரலைக் கோப்பதா, மேலே ஏற்றுவதா, பத்து விரலையும் வரிசையாக வைப்பதா என்பது கையின் அளவைப் பொறுத்தது. அதில் சண்டை வேண்டாம்.

சரிபார்க்க ஒரு வழி. மட்டையை இடக்கையால் மட்டும் பிடித்து முன்னால் நீட்டுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரல் தவிர்த்த மற்ற விரல்களையும் மெதுவாக விடுங்கள். மடங்கிய ஆள்காட்டி விரலும் மேலே உட்கார்ந்த அடிமேடும் மட்டும் மட்டையைத் தாங்கினால் கிரிப் விரலில் இருக்கிறது. நழுவி விழுந்தால் உள்ளங்கையில் இருக்கிறது. கையுறையும் காட்டிக்கொடுக்கும்: அடிமேட்டுப் பக்கம் சீக்கிரம் ஓட்டை விழுந்தால், ஒவ்வொரு அடிக்கும் மட்டை அங்கே உராய்கிறது என்று பொருள். பிடியின் இறுக்கம், சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கிற அளவு. பிள்ளை ஓடிவிடவும் கூடாது, "வலிக்குது" என்று அழவும் கூடாது. குளிர் காலையில் விரல் விறைத்திருக்கும்போது நம்மை அறியாமல் இறுக்குவோம். முழங்கை வலி பல நேரம் இங்கிருந்து கிளம்பலாம்.

குறி இன்னும் மோசம். பந்துக்குப் பக்கவாட்டில் நின்று இலக்கைப் பார்க்கும் விளையாட்டு இது. கண் நம்மை ஏமாற்றத்தான் செய்யும். புதியவர்கள் பெரும்பாலும் தோளை இலக்கை நோக்கித் திருப்பி வைப்பார்கள். உண்மையில் ரயில் தண்டவாளம் போலத்தான் நிற்க வேண்டும்: பந்தும் மட்டை முகமும் வெளித் தண்டவாளத்தில் இலக்கை நோக்கி, பாதம், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் உள் தண்டவாளத்தில், இலக்குக்குச் சற்று இடப்பக்கமாக, இணையாக. பாதத்தருகே ஒரு நேர்க்குச்சி, பந்தருகே ஒரு நேர்க்குச்சி போட்டுப் பழகினால் போதும். ஆனால் முதல் முறை அதைச் சரியாகப் போட்டுக்காட்ட ஓர் ஆள் வேண்டும்.

குறி தப்பினால் ஸ்லைஸ் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதை முக்கால் பங்குக்கு மேல் மட்டை முகம் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளைகிறது என்பதை, முகத்துக்கும் மட்டை வரும் தடத்துக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. தடத்தைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். இதைப் பார்த்த புதியவர் என்ன செய்வார்? அடுத்த பந்துக்கு இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார். தடம் இன்னும் இடப்பக்கம் போகும். முகத்தை மட்டும் கொடியை நோக்கியே வைத்திருப்பார். இடைவெளி கூடியது, வளைவும் கூடியது. அதற்கு அடுத்த பந்துக்கு இன்னும் இடப்பக்கம். ஆறு மாதம் இப்படியே தனியாகப் "பழகி"விட்டு வருகிறவரைத் திருத்த கோச்சுக்கு ஆகும் நேரம், மட்டையே தொடாதவருக்குக் கற்றுக்கொடுக்க ஆகும் நேரத்தைவிட அதிகம். தப்பான கிரிப்புக்கு ஏற்ற ஸ்விங்கை உடம்பு கட்டிவிட்டிருக்கும். கிரிப்பைத் திருத்திய மறுநாள் ஒரு பந்துகூட ஒழுங்காகப் போகாது. பொறுமை போய்ப் பழைய பிடிக்கே திரும்பிவிடுவார்.

யூடியூபைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் வரும் பாடங்கள் பல உண்மையிலேயே நல்லவை. அது மருந்துக்கடை, உங்களுக்கு என்ன நோய் என்று அது சொல்லாது.

மூன்று பாடங்களை எப்படிப் பிரிப்பது? ஒரு பாடத்துக்கும் அடுத்ததற்கும் 10 முதல் 14 நாள் இடைவெளி விடுங்கள். தினமும் ஒரு பாடம் என்று ஒரே வாரத்தில் முடிப்பது பணத்துக்குப் பிடித்த கேடு. கை கற்றுக்கொள்ள நடுவில் தூங்கி எழ வேண்டும். 45 நிமிடம் போதும். முதல் பாடத்தில் கிரிப், நிற்கும் விதம், குறி, 7 அயர்னில் இடுப்பு உயரம் வரை மட்டும் அரை ஸ்விங். டிரைவர் என்ற நீள மட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இரண்டாம் பாடத்தில் முழு ஸ்விங், தாழ்ந்த புள்ளி. மூன்றாவதை மட்டும் தட்டையான இடத்தில் எடுக்காதீர்கள். "மைதானத்துக்குள்ளேயே சரிவில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். மலையில் ஆடப்போகிறவருக்கு இந்தப் பாடம்தான் காசுக்கு வசூல்.

ஒவ்வொரு பாடம் முடியும்போதும் கோச்சிடம் மூன்று கேள்வி. எதை மட்டும் பழக வேண்டும்? அது சரியாக நடக்கிறதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது? எதை இப்போதைக்குத் தொடவே கூடாது? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர் நல்ல ஆட்டக்காரராக இருக்கலாம், நல்ல கோச் இல்லை. ஒரே பாடத்தில் நான்கு விஷயத்தை மாற்றுகிறவர், உங்கள் நேரத்தில் தானே பந்தடித்துக் காட்டிக்கொண்டிருப்பவர், எதற்கெடுத்தாலும் "தலை கீழே" என்பவர், இவர்களிடம் இரண்டாம் பாடத்துக்குப் போக வேண்டியதில்லை. நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கோச் இல்லை, கேடியிடமே (மட்டைப் பையைச் சுமந்து கூட வருகிறவர்) கற்றுக்கொள்ளலாமா? மலை மைதானங்களில் கேடி அண்ணன்களுக்குத் தெரிந்த அளவு கிரீன் சரிவு வேறு யாருக்கும் தெரியாது. பட் அடிக்கக் குனிந்தால், "மேடு மாதிரி தெரியும் சார், பந்து பள்ளத்துக்குத்தான் ஓடும்" என்பார்கள். சொன்னபடியே ஓடும். காரணம் இருக்கிறது: சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்த கிரீன் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பது போலக் கண்ணுக்குப் படும். தூரம், காற்று, கிரீன் சரிவு, எந்தப் பக்கம் தப்பினால் பந்து கிடைக்கும், இதெல்லாம் அவர்களிடம் கேளுங்கள். ஸ்விங்கைப் பற்றி மட்டும் ஆட்டத்தின் நடுவில் கேட்காதீர்கள். பலர் சொந்தமாகப் பார்த்துப் பழகி அருமையாக அடிப்பவர்கள். ஆனால் தன் கை எப்படிச் செய்கிறது என்று தெரிவதும், இன்னொருவர் கை ஏன் செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதும் இரு வேறு வேலை.

இனி முதல் நாளிலிருந்தே தனியாகச் செய்யக்கூடியவை. 72 பார், அதாவது 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தின் கணக்கில் 36 அடிகள் பட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டவை: குழிக்கு இரண்டு வீதம் 18 குழி. பாதி ஆட்டத்தை வீட்டுத் தரைவிரிப்பில் பழகலாம் என்றால், தென்மேற்குப் பருவமழையில் ஊட்டியில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுவரோரம் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வையுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 42.67. டம்ளரின் வாய் குழியைவிடச் சிறியது; அதற்குள் போகிற பந்து குழிக்குள் போகும். பட்டிங் மட்டையான பட்டரின் தலை அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக இடைவெளி விட்டு இரண்டு தீப்பெட்டிகளை நிறுத்தி, அவற்றின் நடுவே பட்டரை ஆட்டுங்கள். தீப்பெட்டி விழுந்தால் பந்தை மட்டை நடுவில் எடுக்கவில்லை. ஆறடி தூரத்திலிருந்து தொடர்ந்து பத்து. ஒன்று தப்பினால் மறுபடியும் ஒன்றிலிருந்து. இருபது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும். மைதானத்தின் பயிற்சி கிரீனுக்குப் போகிற நாளில் இதையே செய்ய வேண்டாம். அங்கே தூரம் பழகுங்கள்: 5, 10, 15 நடை தூரத்திலிருந்து, குழியைப் பற்றிக் கவலைப்படாமல், மேட்டுக்கு ஒரு பந்து, பள்ளத்துக்கு ஒரு பந்து மாற்றி மாற்றி. மலை கிரீனில் ஒரே 15 நடைக்கு மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேண்டிய வேகம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கிரீன் ஓரத்துச் சிறு அடியான சிப்புக்குக் கால்களைச் சேர்த்து நில்லுங்கள், எடையில் கொஞ்சம் அதிகம் இடக்காலில், பந்து நடுவிலிருந்து சற்று வலமாக, கைகள் பந்தைவிட இலக்குப் பக்கமாக. மணிக்கட்டை ஆட்டாமல் தோளால் ஆட்டுங்கள், பட்டிங் போலவே. இங்கே கிக்குயு புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீலகிரியில் பரவலாகப் படர்ந்திருக்கும் அந்தத் தடித்த, ஓடும் தண்டுப் புல்தான். சமவெளிப் பாடத்தில் "கிரீனுக்கு முன்னால் தட்டி உருட்டிவிடு" என்பார்கள். கிக்குயுவில் உருட்டினால் பந்து அங்கேயே நின்றுவிடும், தண்டுகள் பிடித்துக்கொள்ளும். அதன் மேலாகத் தூக்கி கிரீனிலேயே விழவைக்கும்படி கூடுதல் லாஃப்ட் மட்டையை எடுங்கள். ஃபேர்வே ஓரத்து நீளப் புல்லான ரஃபில் பந்து புதைந்திருந்தால் மட்டையின் கழுத்தில் தண்டு சுற்றி முகத்தை மூடிவிடும், பந்து இடப்பக்கம் தாழ்வாகப் போகும். இதுவும் உங்கள் ஸ்விங் தப்பில்லை. வெட்ஜை எடுத்து, பிடியைக் கொஞ்சம் இறுக்கி, செங்குத்தாக இறக்கி, ஃபேர்வேக்கு வந்தால் போதும் என்று அடியுங்கள்.

முழு ஸ்விங் தனிப்பயிற்சிக்கு ஒரு முறைக்கு 45, 50 பந்து போதும். முதல் 10 பந்து வெட்ஜில் அரை ஸ்விங், உடம்பு சூடாக. அடுத்த 20 பந்து, கோச் சொன்ன ஒரே ஒரு விஷயம், 7 அயர்னில். மிச்சத்தில் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுங்கள். ஒரே மட்டையால் ஒரே இடத்துக்கு ஐம்பது அடித்தால் முப்பதாவது பந்திலிருந்து எல்லாம் அழகாகப் போகும். ஆனால் மைதானத்தில் ஒரே அடியை இரண்டு முறை யாரும் அடிக்கப்போவதில்லை.

மண்ணைத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு துண்டு. மடித்த கைத்துண்டைப் பந்துக்குப் பின்னால் நான்கு அங்குலத்தில் போடுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை எடுக்க வேண்டும். ரப்பர் விரிப்பில் பழகுகிறவர்களுக்கு இது கட்டாயம். விரிப்பில் இரண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய் பந்தை நன்றாகவே அனுப்பிவிடும். அதே அடி நனைந்த மலை மண்ணில் மட்டையைப் புதைத்துவிடும், பந்து பத்து கெஜம் போகும்.

ஃபோன் வீடியோவை இரண்டே கோணத்தில் எடுங்கள். ஒன்று, உங்களுக்குப் பின்னாலிருந்து இலக்கை நோக்கி, கை உயரத்தில், பாதக்கோட்டுக்கு நேராக. இன்னொன்று, நேர் முன்னாலிருந்து நெஞ்சு உயரத்தில். கோணம் ஓரடி விலகினாலும் தடம் தப்பாகத் தெரியும். இல்லாத நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்லோமோஷனில் வையுங்கள். பார்க்க வேண்டியது, கோச் சொன்ன அந்த ஒன்றை மட்டும்.

சரிவில் நிற்கும் பாடம் சுருக்கமாக இவ்வளவுதான். பந்து மேட்டில் இருந்தால் மட்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, நிமிர்ந்து நின்று, இலக்குக்கு வலப்பக்கம் குறிவையுங்கள். பள்ளத்தில் இருந்தால் முழங்காலை இன்னும் மடக்கி, இடப்பக்கம் குறி. அடித்து முடிக்கும்வரை அந்த உயரத்திலேயே இருக்க வேண்டும். மேலேறும் சரிவில் தோளைச் சரிவோடு சாயுங்கள். பந்து உயரமாக எழும்பிக் குறைந்த தூரத்தில் விழும், அதனால் ஒரு எண் குறைந்த மட்டையை எடுங்கள், 8 அயர்னுக்குப் பதில் 7. இறங்கும் சரிவில் தோளைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மட்டையையும் சரிவோடு கீழே போகவிடுங்கள். இங்கே அள்ள நினைத்தால் கட்டாயம் உருளும். எல்லாச் சரிவிலும் முக்கால் ஸ்விங்தான். முழு ஸ்விங் அடித்தால் நிலை தடுமாறும். ஈரப் புல்லில் சாதாரண ஓட்டக் காலணி போட்டிருந்தால் ஆளே உருளலாம். பிளாஸ்டிக் குமிழ் வைத்த கோல்ஃப் காலணிக்குச் செலவு செய்யுங்கள். முழு செட் மட்டைக்கு இப்போது வேண்டாம். விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக 14 வாங்க வேண்டியதில்லை. ஹைப்ரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர், பழையதாகவே கிடைத்தால் போதும். அதையும் முதல் பாடத்துக்குப் பின் கோச் உங்கள் உயரத்தைப் பார்த்துச் சொன்ன நீளத்தில் வாங்குங்கள். நீளம் தப்பான மட்டை, தப்பான கிரிப்பைப் போலவே ஸ்விங்கைக் கோணலாக வளர்த்துவிடும்.

பத்து வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கலாம். அவர்களுக்கேற்ற எடை குறைந்த மட்டை கொடுத்து, கிரிப்பை மட்டும் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். பார்த்துப் பார்த்தே செய்வார்கள். அப்பா பின்னால் நின்று திருத்தாமல் இருந்தால் சரி.

காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பாடத்துக்கு நல்ல காலம். மண் காய்ந்திருக்கும், தழும்பு தெளிவாகத் தெரியும். ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் வெள்ளை படர்ந்த கிரீனில் கால் வைக்காதீர்கள். உறைந்த புல் மிதிபட்டால் கருகி, காலடித் தடம் நாள்கணக்கில் நிற்கும். ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் ஆட நேரம் கிடைப்பதே கஷ்டம். மூடுபனி இறங்கி பந்து விழும் இடம் தெரியாவிட்டால் அடிக்காமல் நில்லுங்கள். முன்னால் ஆள் இருக்கலாம். தொலைந்த பந்தைத் தேட விதி தருவது 3 நிமிடம்தான். ஊட்டிப் பக்கத்து மஞ்சள் பூ முட்புதரில் பந்து போனால் கையை விட்டு எடுக்காமல், ஒரு அடி தண்டம் ஏற்று இரண்டு மட்டை நீளத்துக்குள் போட்டு ஆடிவிடுங்கள். 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வது வழக்கம். அவை நிற்கும் பக்கம் பந்து போனால், அது அவற்றின் பந்து.

மூன்று பாடத்துக்குப் பின் கோச்சிடம் எப்போது திரும்பிப் போவது? பயிற்சிக்கு வந்ததும் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து, அது உருளாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். காய்ந்த புல்லில் 7 அயர்னால் ஒன்பது பந்து அடியுங்கள். எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது, தழும்பு பந்துக்கு முன்னாலா பின்னாலா என்று மூன்றே குறிப்பு எழுதுங்கள். ஒன்பதில் ஆறு ஒரே தப்பு, அதுவும் அடுத்தடுத்த மூன்று பயிற்சியிலும் அப்படியே என்றால் போன் போடுங்கள். அந்தக் குறிப்புத் தாளையும் இரண்டு கோண வீடியோவையும் எடுத்துக்கொண்டு போனால், 45 நிமிடப் பாடத்தில் முதல் 20 நிமிடம் மிச்சம்.